சூடிக் கொடுத்தவள் கொண்ட ஊடல்

பாண்டி நாட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய ஸ்ரீவில்லிபுத்தூரில், வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நாள்தோறும் மாலை தொடுத்துச் சமர்ப்பிக்கும் கைங்கரியத்தை மேற்கொண்டு வாழ்ந்தவர் விஷ்ணுசித்தர். மதுரையில் வல்லபதேவ பாண்டியனுடைய அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றவர் அவர். கருடன் மேல் காட்சி கொடுத்த எம்பெருமானுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சி அவனுக்கே பல்லாண்டு பாடியதனால் பெரியாழ்வார் என்னும் திருநாமம் பெற்றார். அவருடைய நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், ஆடி மாதத்துப் பூர நன்னாளில் ஒரு பெண் மகவு கிடைத்தது. பெரியாழ்வார் அதற்குக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார்.

குருபரம்பரை நூல்கள் இந்த அவதாரத்தைக் கலியுகத்தின் தொடக்கத்தில், நள வருடத்தில் வைத்துப் பேசுகின்றன. வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பர். திருப்பாவையில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் பற்றி வரும் குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று கணித்தார். காலத்தைப் பற்றிய வழக்கு எவ்வாறு முடியினும், கோதை பிறந்த நந்தவனம் பற்றி வழக்கில்லை. பூவும் தளிரும் பறவையும் அவளுக்கு ஏட்டில் கற்ற பொருள்கள் அல்ல. தந்தையோடு வைகறையில் பூக்கொய்து, நீர் தெளித்து, நார் கிழித்துப் பழகிய கைகள் அவளுடையவை.

பெருமாளுக்கென்று தந்தை தொடுத்து வைத்த மாலையை மகள் தான் சூடி அழகு பார்த்து, மீண்டும் கூடையில் வைத்துவந்த செய்தியை அறியாத வைணவர் இல்லை. ஒருநாள் தந்தை அதைக் கண்டு திடுக்கிட்டார். மகளைக் கடிந்தார். அன்று மாலை சாத்தாமல் விட்டார். அவள் சூடிய மாலையே தமக்கு உவப்பானது என்று பெருமாள் அவருடைய கனவில் தோன்றி அருளினார். அன்று முதல் கோதை, சூடிக் கொடுத்த நாச்சியார் ஆனாள். அடியார்களுக்கு ஆண்டாள் ஆனாள். இன்றும் அவள் சூடிக் களைந்த மாலை சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்கு அழகருக்கும், பிரம்மோற்சவத்தின்போது திருமலையப்பனுக்கும் கொண்டுசெல்லப்படுகிறது.

இவ்வளவும் யாவரும் அறிந்தது. மல்லசமுத்திரம் உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களிலும் மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்கக் கேட்டு எழுந்தவர்கள் பலர். கண்ணனை மணம் புரிவதாக அவள் கண்ட கனவைத் திருமண வீடுகளில் பாடக் கேட்டவர்களும் பலர். ஆயினும் திருப்பாவைப் பாசுரங்கள் 30 மட்டுமே. அவள் அருளிய மற்றொரு பிரபந்தமாகிய நாச்சியார் திருமொழியில் 14 பதிகங்களும் 143 பாசுரங்களும் உள்ளன. அவற்றுள் கனவுப் பதிகம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏனையவற்றை மூடி வைக்கும் பழக்கம் நம்மிடையே எவ்வாறோ வந்துவிட்டது. அந்த ஏனைய பதிகங்களில் இருப்பது மணக்கோலம் அன்று. மாலையை ஏற்றுக்கொண்டவன் கையை ஏற்றுக்கொள்ள வராமல் நின்ற நாட்களின் கணக்கு அது.

கோதைக்கு மணப்பருவம் வந்தபோது தந்தை கவலையுற்றார். மானிடர் ஒருவருக்குத் தன்னை மணம் பேசினால் உயிர் தரியேன் என்று அவள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். அந்தணர் வேள்வியில் தேவர்களுக்கென்று வைத்த அவியைக் காட்டில் திரியும் நரி வந்து மோந்து போவது போலாகும் அது என்பது அவள் காட்டிய உவமை. சிறுபெண் ஒருத்தியின் வாயில் இத்தனை கடுமையான உவமை வந்ததே, அவள் எவ்வளவு நெருக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்குச் சான்று. ஒருபுறம் ஊரும் உறவும். மறுபுறம் கோயிலில் நின்றும் கிடந்தும் சேவை சாதிக்கிற பெருமாள். அவன் தந்தையின் கனவில் பேசுகிறான். அவளிடம் நேரில் ஒரு சொல் பேசவில்லை. பிணக்கு இங்கே தொடங்குகிறது.

முதலில் அவள் செய்தது நோன்பு. தை மாதத்தில் தரை விளக்கி, நுண்மணலால் கோலமிட்டு, காமதேவனைத் தொழுதாள். பெரியாழ்வாரின் மகள் வேறொரு தேவதையின் காலில் விழலாமா என்ற கேள்வி உரையாசிரியர்களுக்கே எழுந்தது. இராமனுடைய நலத்துக்காக அயோத்தி மக்கள் எல்லாத் தெய்வங்களையும் வணங்கியதைச் சுட்டி, ஆற்றாமை மிகுந்தால் இவ்வாறும் நிகழும் என்று அவர்கள் அமைதி கண்டனர். அடுத்து, கண்ணை மூடி மணலில் வட்டம் இழைத்து, கோட்டின் இரு முனையும் கூடினால் அவன் வருவான் என்று குறி பார்த்தாள். அந்நாள்வரை மணல் அவளுக்கு விளையாட்டுத் தோழி. இப்போது அது சோதிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு குயிலை அழைத்தாள். நாச்சியார் திருமொழியின் 5ஆம் பதிகம் முழுதும் குயிலுக்கே உரியது. புன்னையும் ஞாழலும் செருந்தியும் அடர்ந்த சோலையில் சண்பகத் தேனுண்டு களித்திருக்கும் அந்தக் குயிலிடம் அவள் கேட்டது மிகச் சிறிய உதவி; அவன் வரும்படி ஒருமுறை கூவ வேண்டும். உறக்கமின்றிப் பல நாள் துன்பக் கடலில் தவிப்பதையும், கரையேற்றும் ஓடமாகிய வைகுந்தன் கிட்டாமையையும் முறையிட்டாள். பால்சோறு ஊட்டித் தான் வளர்த்த கிளியை அதற்குத் தோழியாக்குவதாகவும் ஆசை காட்டினாள். குயில் தன் பாட்டில் இருந்தது. உடனே குரல் மாறுகிறது. இந்தச் சோலையில் குடியிருக்க வேண்டுமானால் அவனை வரக் கூவ வேண்டும், அன்றேல் மெலிவால் கழன்றுபோன தன் பொன்வளைகளையாவது மீட்டுத் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தாள். இரண்டும் ஆகாதெனில் அதனைச் சோலையை விட்டே விரட்டிவிடுவதாக அச்சுறுத்தினாள். சினம் குயில் மேலன்று என்பது வெளிப்படை. கேட்க வேண்டியவன் எட்டாத இடத்தில் இருப்பதால், எட்டுகிற கிளையில் இருந்த பறவை அதை வாங்கிக்கொண்டது.

இதற்கு அடுத்ததாகவே திருமணக் கனவு வருகிறது. பதிகங்களின் வைப்பு முறையை நாட்குறிப்பு போல் கொள்ளக் கூடாதுதான். எனினும் பெரியோர் கோத்து வைத்த முறையில் ஒரு நயம் உண்டு. யானைகள் சூழ மணமகன் வருகிறான், தோரணம் கட்டுகிறார்கள், தீவலம் வருகிறார்கள், அம்மி மிதிக்கிறாள், பொரி இடுகிறார்கள். ஒரு சடங்கும் குறையவில்லை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு இது கனவு என்பதைத் தோழியிடம் அவளே நினைவூட்டிக்கொண்டு போகிறாள். மணமேடைப் பாட்டாக நாம் மகிழ்ந்து கேட்கும் அப்பதிகத்தைப் பாடியவள், விழித்தபோது கழுத்தில் மாலை இன்றி எழுந்திருந்தவள். அடுத்த பதிகத்தில் அவனுடைய திருவாயின் மணமும் சுவையும் எத்தகையவை என்று பாஞ்சசன்னியத்தை விசாரிக்கிறாள். பதினாறாயிரம் தேவியர்க்குப் பொதுவானதைத் தனியே உண்கிறாயே என்று அந்தச் சங்கின் மேல் பொறாமை கொள்கிறாள்.

8ஆம் பதிகம் மேகங்களுக்கு உரியது. நாச்சியாரின் நெஞ்சை அறிய ஒரு பதிகம் மட்டும் படிக்க நேரம் உண்டு என்பவருக்கு இதையே காட்டலாம். வானம் முழுதும் நீலப் பந்தலிட்டாற்போல் மேகங்கள் வந்துவிட்டன. அவள் கேட்ட முதற்கேள்வி, திருவேங்கடத்து எம்பெருமானும் உங்களோடு வந்தானோ என்பது. பழந்தமிழ் அகப்பாடல்களில் கார்காலம் தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற பருவம். முல்லை நிலத்துத் தலைவி முகிலைப் பார்த்தே நாளை எண்ணுவாள். அந்த மரபில் வந்தவள் கோதை. காலம் வந்தது, கார் வந்தது. சொன்னவன் மட்டும் வரவில்லை.

தன் மேனியின் ஒளியும் வளையும் நெஞ்சும் உறக்கமும் தன்னை விட்டுப் போய்விட்டதை மேகங்களிடம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறாள். இரண்டு உவமைகள் இங்கே வருகின்றன. ஒன்று விளாம்பழம். உலங்கு என்னும் சிறு பூச்சி புகுந்த விளாம்பழம், மேலோடு அப்படியே இருக்க உள்ளே வெறுமையாகிப் போகும். நாரணன் தன்னுள்ளே புகுந்து நலத்தை எல்லாம் கவர்ந்துகொண்டதை அவள் இவ்வாறு உணர்த்துகிறாள். பெற்றவருக்கும் ஊராருக்கும் அவள் பழைய கோதையாகவே தெரிந்திருப்பாள். ஓடு உடையவில்லை அல்லவா?

மற்றொன்று எருக்கிலை. மழைக்காலத்தில் பழுத்து விழும் எருக்கின் இலை போலத் தான் வீழ்வதாகச் சொல்கிறாள். மல்லசமுத்திரத்தைச் சூழ்ந்த மானாவாரிக் காடுகளில் சோளமும் நிலக்கடலையும் விதைத்துவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்த்திருப்பவர்களுக்கு இந்த உவமையின் கூர்மை எளிதில் விளங்கும். மழை விழுந்ததும் வரப்பெல்லாம் பசுமை கொள்ளும். கோடையின் வெயிலை எல்லாம் தாங்கி நின்ற எருக்கு மட்டும், எல்லாச் செடியும் தளிர்க்கும் அந்த நேரத்தில் இலை மஞ்சளாகி உதிர்க்கும். உலகுக்கெல்லாம் உயிர் தருகிற மழை தனக்கு மட்டும் அழிவாகிறது என்று பெரிய சொற்களால் புலம்பியிருக்கலாம். வேலியோரத்து இலை ஒன்றைக் காட்டிவிட்டு அவள் நின்றுவிட்டாள். பதிகம் முடியுமுன் மேகங்களிடம் ஓர் எச்சரிக்கையும் தருகிறாள். எல்லார்க்கும் புகலாகிறவன் ஒரு பெண்கொடியை நினையாது வதைத்தான் என்னும் பேச்சு எழுந்தால் உலகம் அவனை மதிக்காதாம். தூது போகிறவர் வாயில் காதலி சொல்லி அனுப்பும் சொல்லாக இது இல்லை. வழக்காடுபவளின் சொல்லாக இருக்கிறது.

மேகம் தூது சென்று பயனில்லை என்றானபின் மழைதான் பெய்தது. 9ஆம் பதிகத்தில் திருமாலிருஞ்சோலையின் மழைக்காலம் விரிகிறது. சிந்தூரப் பொடியைத் தூவினாற்போல் செந்நிறப் பட்டுப்பூச்சிகள் சோலையெங்கும் பரந்துவிட்டன. முல்லைக் கொடிகள் பூத்துச் சிரிக்கின்றன. அவளுக்கோ அது தன்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. குயில், மயில், கருவிளையாகிய சங்குப்பூ, களாப்பழம், காயாம்பூ ஆகிய ஐந்தையும் ஐந்து பெரும் பாவிகள் என்று நிறுத்தி, அழகருடைய நிறம் உங்களுக்கு எதற்கு என்று விசாரணை செய்கிறாள். அவை செய்த குற்றம் கருநீலமாக இருந்தது ஒன்றே. மறக்க முயன்றால் மறக்கவும் இடமில்லாதபடி, திரும்பிய பக்கமெல்லாம் அவன் நிறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றனவே என்பதே அவள் குறை. 

இதே பதிகத்தில் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் வாய்மொழியாக நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்திக்கடனை நூற்றாண்டுகளுக்குப் பின் இராமாநுசர் திருமாலிருஞ்சோலையில் செலுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளினார் என்றும், நாச்சியார் அவரைத் தன் தமையனாகக் கொண்டாடினாள் என்றும் பெரியோர் சொல்வர். தங்கையின் சொல் தவறக் கூடாது என்று தமையனுக்குத் தோன்றியது. மணாளனுக்கு அப்போது தோன்றவில்லையே என்று கேட்பவர் வாயை அடைப்பது எளிதன்று.

10ஆம் பதிகத்தில் ஊடல் போராகிறது. கார்காலத்துக் காந்தட் பூக்கள் அவன் போர்க்கோலம் பூட்டித் தன்மேல் ஏவிய படையாகத் தெரிகின்றன. கோவைக் கொடியின் சிவந்த பழம் அவன் இதழை நினைவூட்டி உயிரை வாங்குகிறது. மழையைப் பார்த்தபோது அவளுக்கு வார்ப்புத் தொழில் நினைவுக்கு வந்தது. மெழுகின்மேல் மண்ணைப் பூசிச் சூடேற்றினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வழிந்துவிடும். அவன் உள்ளே நிற்கத் தான் உருகி வழிவதை அவள் அதற்கு ஒப்பிட்டாள். இன்று வாகனத்தில் எழுந்தருளும் உற்சவ மூர்த்திகளை வார்ப்பதும் அந்த முறையினால்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த உவமை மேலும் வலிக்கும். மெழுகு போன இடத்தில் அவன் திருமேனி உருவாகிறது.

குயிலை விரட்டியவள், பூக்களைக் கடிந்தவள், கடலைக் கண்டபோது மட்டும் கடியவில்லை. கடலையும் அவன் கடைந்தான், உள்ளே புகுந்து கலக்கினான், அமுதத்தை எடுத்துக்கொண்டான். தனக்கு நேர்ந்ததும் அதுவே. ஆகவே கடல் அவளுக்குப் பகையாகத் தோன்றாமல், ஒருவனாலேயே கலக்கப்பட்ட உடன்பிறப்பாகத் தோன்றியது. அவன் பாம்பணையும் அங்கேதான் இருக்கிறது. எனவே தன் துயரத்தை அங்கே சென்று சொல்லும்படி கடலிடமே ஒப்படைத்தாள். நம்மாழ்வாரும் பராங்குச நாயகியாகி நாரையையும் அன்றிலையும் கடலையும் காற்றையும் தம்மைப்போல் உறங்காத துயருற்றவர்களாகப் பாடியிருக்கிறார். ஆயினும் ஆடவரான ஆழ்வார்களுக்கு இந்தப் பெண்ணிலை மேட்டில் நீர் ஏற்றுவது போன்றது, ஆண்டாளுக்கோ பள்ளத்தில் பாயும் மடை என்று ஆசாரியர்கள் வேறுபாடு காட்டுவர்.

அதே பதிகத்தின் முடிவில் அவள் குரல் தாழ்ந்து விடுகிறது. அவர் செல்வர், பெரியவர்; நாம் சிறு மானிடர், என்ன செய்ய முடியும் என்று தோழியிடம் சொல்லிவிட்டு, வில்லிபுத்தூர் விட்டுசித்தர் தம் தேவரைத் தமக்குத் தெரிந்த வகையில் வரவழைத்தால் அப்போது பார்த்துக்கொள்வோம் என்று முடிக்கிறாள். கண்ணனோடு நேரே பேசும் உரிமையை அவள் இங்கே விட்டுக்கொடுத்துத் தந்தையின் பின்னே நிற்கிறாள். அடுத்த பதிகம் திருவரங்கனைப் பற்றியது. உலகெல்லாம் ஆளும் அவருக்கு என் கைவளையிலா குறை என்று கேட்டுக்கொண்டே போய், தம்மை விரும்பியவரைத் தாம் விரும்புவதாக அவர் சொன்ன சொல் பொய்யானால் அவரைத் திருத்தி நடத்தப் போகிறவர் எவர் என்று நிறுத்துகிறாள். வைணவ உலகம் சரம சுலோகமாகப் போற்றும் வாக்கையே பிணையாக வைத்துக் கேட்ட கேள்வி இது என்பதைப் பெரியோர் உணர்ந்திருந்தனர்.

அதன்பின் உள்ளவை விரைவாக நகர்கின்றன. மதுரைக்கும் ஆய்ப்பாடிக்கும் தன்னைக் கொண்டுபோய் விட்டுவிடும்படி உற்றாரிடம் மன்றாடுகிறாள். குயிலுக்குத் தோழியாகக் கொடுக்க இருந்த கிளியின் இனம் இங்கே மீண்டும் வருகிறது. கூட்டிலிருந்து ஓயாமல் அவன் பெயரைக் கூவுகிறது. உணவு கொடாமல் தண்டித்தால் இன்னும் உரக்கக் கூவுகிறது. கூட்டில் இருப்பது யார், கூவுவது யார் என்று விளக்கத் தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாச்சியாரின் திருக்கரத்துக்கு இன்றும் நாள்தோறும் இலைகளால் புதிதாக ஒரு கிளி செய்து சாத்துகிறார்கள். இறுதிப் பதிகத்தில் அவனைக் கண்டீர்களோ என்று ஒருத்தி கேட்கவும், விருந்தாவனத்தில் கண்டோம் என்று மற்றொருத்தி சொல்லவும் பிணக்கு தணிகிறது. முற்றிலும் தணிந்தது என்று சொல்வதற்கில்லை. அந்தப் பதிகத்திலும், வலையிலிருந்து தப்பிய காட்டுப்பன்றி என்று அவனை அவள் சொல்லியிருக்கிறாள்.

அதன்பின் நடந்ததைக் குருபரம்பரை கூறுகிறது. திவ்விய தேசத்து எம்பெருமான்களின் பெருமைகளைத் தந்தை ஒவ்வொன்றாகச் சொல்ல, கோதையின் உள்ளம் திருவரங்கன்பால் நிலைத்தது. அரங்கன் கனவில் தோன்றி அவளை அழைத்துவருமாறு பணித்தான். பல்லக்கில் ஏற்றித் திருவரங்கத்துக்குக் கொண்டுசென்றார்கள். திரை நீங்கியதும் அவள் உள்ளே நடந்தாள், அரவணையை அணுகினாள், யாவரும் காண ஒளியாகக் கலந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் ரெங்கமன்னாரோடும் பெரிய திருவடியோடும் ஒரே ஆசனத்தில் எழுந்தருளியிருக்கிறாள். ஆடிப்பூரத்தன்று பெரிய தேரில் இருவரும் உலா வருகிறார்கள். வழக்கில் வென்றவள் அவளே.

பெரியாழ்வார் தனியே ஊர் திரும்பினார். அவருடைய திருமொழியில் மகளைப் பிரிந்த தாயின் பேச்சாக அமைந்த பதிகம் ஒன்று உண்டு. அது அவருடைய சொந்த இழப்பே என்று கொள்வோர் பலர். மகளிடம் நந்தவனத்தைக் கற்பித்தவர், தம் துயரத்துக்கும் அங்கிருந்தே உவமை எடுத்தார். நல்ல தாமரைக் குளம் ஒன்றில் பனி பெய்து, புதுமலர்கள் இதழும் தாதும் உதிர்ந்து அழகிழந்து நிற்கிறது. அதுபோல வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. மகளை எங்கும் காணவில்லை.